அடைத்த பல் ஏன் மீண்டும் சொத்தையாகிறது?

(வில்லியனூரில் பொதுமக்களும் ஆசிரியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் கூடியிருந்த அவையில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பல் மருத்துவம் பார்க்கும் யாரைக் கேட்டாலும் ஒரு பேச்சைச் சொல்வார்கள். "டாக்டரம்மா, போன வருஷம் அடச்ச சிமிட்டி உழுந்துடுச்சு. இனிமே அடைக்க வேணாம், புடுங்கிடுங்க." இன்னும் சிலர் வேறு விதமாகக் கேட்பார்கள். "காசு கூட ஆனாலும் பரவால்ல, நல்ல சிமிட்டியா போடுங்கம்மா." இரண்டு பேச்சிலும் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. அடைப்பு விழுந்தால் அடைத்த பொருள் மட்டமானது, விலை உயர்ந்த பொருளாக இருந்திருந்தால் நின்றிருக்கும் என்கிற எண்ணம். அது பெரும்பாலும் சரியல்ல என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். உலகத்திலேயே உயர்ந்த பொருளை வாங்கி வைத்தாலும், அது உட்காரும் பல்லின் பரப்பைப் பதமாகத் தயார் செய்யாவிட்டால் அடைப்பு கசியும். கசிந்தால் உள்ளே மறுபடி சொத்தை விழும். பரப்பு சரியாக இருந்தால் சாதாரணப் பொருளும் பல வருடம் உழைக்கும்.

முதலில் கசிவு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பல்லுக்கும் அடைப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். நம் தலைமயிரின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான். சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியா ஒரு மைக்ரானுக்கும் குறைவானது. ஆகவே பத்து மைக்ரான் இடைவெளி என்பது அதற்குத் தாராளமான வாசல். எச்சில் உள்ளே போகிறது, எச்சிலோடு சர்க்கரை போகிறது, பாக்டீரியா அதைத் தின்று அமிலம் உண்டாக்குகிறது. மேலே அடைப்பு அப்படியே இருக்கும், அடியில் பல் கரைந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கரும்பைக் கடிக்கும்போதோ முறுக்கைக் கடிக்கும்போதோ அடைப்பு பெயர்ந்து வரும். கரும்பைத்தான் குற்றம் சொல்வோம். ஆனால் பற்று விட்டுப்போய் வெகுநாள் ஆகியிருக்கும்.

கசிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1965இல் அமெரிக்காவில் காகேஹாஷி என்பவரும் அவருடைய தோழர்களும் எலிகளை வைத்துக் காட்டினார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்து உள்ளிருக்கும் கூழைத் திறந்து விட்டார்கள். நாம் நரம்பு என்று சொல்கிறோமே, அந்தக் கூழைத்தான். அந்த எலிகளின் பல்லில் கூழ் அழுகவில்லை; தானாகவே ஆறி, மேலே புதிய பல்திசு மூடிக்கொண்டது. சாதாரணச் சூழலில் வளர்ந்த எலிகளுக்கோ கூழ் அழுகிச் சீழ் கட்டியது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் கிருமி மட்டுமே. அடைக்கும் பொருள் நரம்பைக் கொன்றுவிடும் என்று அதுவரை மருத்துவர்கள் பயந்துகொண்டிருந்தார்கள். சுவீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ரோம் போன்றவர்களின் வேலையும் சேர்ந்து அந்தப் பார்வையை மாற்றியது. பல பல்லில் நரம்பைக் கெடுத்தது பொருள் அல்ல, அதன் ஓரத்தில் கசிந்து உள்ளே போன பாக்டீரியா என்று தெரிந்தது.

இப்போது பல்லின் உடம்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் வெளியே பார்க்கும் வெள்ளை ஓடு எனாமல். எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தாதுப்பொருள், நம் உடம்பிலேயே மிகக் கடினமான பகுதி. அதற்கு உள்ளே இருப்பது டென்டின். இதில் எழுபது பங்குதான் தாது. இருபது பங்கு கொலாஜன் முதலிய புரதம், மீதி தண்ணீர். எனாமல் ஏறக்குறைய உலர்ந்த பொருள், டென்டின் எப்போதும் ஈரமான பொருள். டென்டினுக்குள் கூழிலிருந்து வெளிநோக்கி ஓடும் நுண்குழாய்கள் இருக்கின்றன. எனாமல் பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் இருபதாயிரம் குழாய்கள். கூழுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல், அதுவும் அகலமான குழாய்கள். ஒவ்வொன்றிலும் திரவம் நிறைந்திருக்கிறது. குளிர்ந்த மோர் குடித்தால் கூசுகிறதென்றால் அந்தத் திரவம் அசைந்து நரம்பை உசுப்புகிறது என்று பொருள். அடைத்த பிறகும் பல் கூசுகிறது என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்தக் குழாய்களின் வாய் சரியாக மூடப்படாததால். சொத்தை ஆழமாகப் போகப்போக ஒட்டவேண்டிய இடம் ஈரமாகிக்கொண்டே போகும். தாமதமாக வருகிறவர்களின் பல்லை அடைப்பது ஏன் கடினம் என்பதற்கு இதுவே காரணம்.

சொத்தையைச் சுழலும் கருவியால் எடுக்கிறோம். எடுத்து முடித்ததும் குழி சுத்தமாகத் தெரியும். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் சுத்தமே இல்லை. அரைபட்ட தாது, புரதம், எச்சில், பாக்டீரியா எல்லாம் குழைந்து ஒன்றிரண்டு மைக்ரான் கனத்தில் பரப்பு முழுக்கப் பூசியதுபோல் ஒட்டியிருக்கும். குழாய்களின் வாயிலும் அது அடைத்துக்கொண்டிருக்கும். இதைப் படிவு என்று சொல்லிக்கொள்வோம். சொரசொரப்பான வைரக் கருவி கனமான படிவை விட்டுப்போகும், நுண்ணிய கருவி மெல்லியதாக விட்டுப்போகும். தண்ணீர் பீச்சினால் போகாது, பஞ்சால் துடைத்தாலும் போகாது. இதன் மேலேயே பசையைத் தடவி அடைத்தால் அடைப்பு பல்லோடு ஒட்டாது, படிவோடுதான் ஒட்டும். படிவு பெயர்ந்தால் அடைப்பும் பெயரும்.

இதற்கு வழி கண்டவர் மைக்கேல் புவோனோகோர். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் ஈஸ்ட்மன் பல் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். தொழிற்சாலைகளில் உலோகத்தின் மேல் பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்காக முதலில் பாஸ்பாரிக் அமிலம் தடவுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பல்லிலும் அதையே செய்தால் என்ன என்று யோசித்தார். 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 30 விநாடி எனாமலில் வைத்துக் கழுவிவிட்டு அக்ரிலிக் பிசினை ஒட்டிப் பார்த்தார். ஒட்டியது, வெகுநாள் நின்றது. 1955இல் அந்தக் கட்டுரை வந்தது. சில பக்கங்களே உள்ள சிறிய கட்டுரை. இன்று நாம் செய்யும் ஒட்டும் அடைப்புகள் எல்லாவற்றுக்கும் அதுதான் தாய். பிசினை மேம்படுத்தி இன்றைய கம்போசிட்டுக்கு வழிவகுத்தவர் ரஃபேல் போவன், 1962இல். ஆனால் புவோனோகோர் பரப்பைத் திறந்து கொடுக்காமல் இருந்திருந்தால் போவனின் பொருள் பிடிப்பதற்கு இடம் கிடைத்திருக்காது.

அமிலம் அங்கே என்ன செய்கிறது? எனாமல் நுண்ணிய தண்டுகளால் ஆனது. அமிலம் தண்டின் ஒரு பகுதியை அதிகமாகவும் இன்னொரு பகுதியைக் குறைவாகவும் கரைக்கும். பரப்பு முழுக்கக் கோடிக்கணக்கான நுண்குழிகள் உண்டாகும். தண்ணீர்போல ஓடும் பசை அந்தக் குழிகளுக்குள் இறங்கி, நீல ஒளி பட்டதும் இறுகிக்கொள்ளும். வில்லியனூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் ஊர்ச் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. களிமண்ணில் உடம்பைத் தனியாகவும் கையைத் தனியாகவும் செய்து ஒட்டும் கலைஞர், வழவழப்பான இரண்டு பரப்பை அப்படியே வைத்து அழுத்துவதில்லை. இரண்டிலும் கீறல் போட்டு, நீர்த்த களிமண் குழம்பைத் தடவி, பிறகுதான் சேர்த்து அழுத்துகிறார். கீறாமல் ஒட்டினால் காயும்போதே விரிசல் விடும். அமிலம் போடுவது கீறல், பசை தடவுவது குழம்பு.

இப்போது நாங்கள் பயன்படுத்துவது 37 சதவீத அமிலம், பெரும்பாலும் நீலநிற ஜெல்லாக ஊசிக்குழலில் வரும். நாக்கில் பட்டால் புளிக்கும். பலர் அந்தப் புளிப்பை உணர்ந்திருப்பீர்கள். எனாமலில் 15 முதல் 30 விநாடி வைத்து, நன்றாகக் கழுவி உலர்த்தினால் பல்லின் ஓரம் வெண்சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாகத் தெரியும். அந்த மங்கல் வந்தால்தான் அடுத்த வேலைக்குப் போகவேண்டும். எனாமலைப் பொறுத்தவரை இவ்வளவுதான். எழுபது வருடமாகச் சலிக்காமல் வேலை செய்கிற முறை இது.

டென்டின்தான் எங்களைப் படுத்தி எடுப்பது. அங்கே அமிலம் போட்டால் தாது கரைந்து, கொலாஜன் இழைகள் மட்டும் வலைபோல நிற்கும். அந்த வலைக்குள் பசை முழுமையாக இறங்கி இறுக வேண்டும். ஜப்பானில் ஃபுசயாமா 1979இல் எனாமல், டென்டின் இரண்டுக்கும் சேர்த்து அமிலம் போடலாம் என்றார். மேலை நாட்டு மருத்துவர்கள் பலர் நரம்பு செத்துப்போகும் என்று அதை ஏற்க மறுத்தார்கள். 1982இல் நகபயாஷி, பசையும் கொலாஜனும் கலந்து ஒரு புதிய கலப்புப் படலம் உருவாகிறது என்று காட்டினார். பல்லும் அல்லாமல் பிசினும் அல்லாமல் இரண்டும் பின்னிக்கிடக்கும் படலம் அது. டென்டின் பக்கத்தில் அடைப்பு கசியாமல் இருப்பது அந்த ஒரு படலத்தை நம்பித்தான். அதன் கனம் சில மைக்ரான்களே.

இந்த இடத்தில் காற்றை அதிகமாகப் பீச்சி உலர்த்திவிட்டால் கொலாஜன் வலை படிந்துபோகும், பசை உள்ளே இறங்காது. தண்ணீரை அப்படியே விட்டுவிட்டால் பசை நீர்த்துப்போகும், குமிழி விழும். பரப்பில் ஈரம் மினுங்க வேண்டும், தேங்கக் கூடாது. அமிலத்தை டென்டினில் 15 விநாடிக்கு மேல் வைத்தாலும் கெடுதல். கரைந்த ஆழம் வரைக்கும் பசை போய்ச்சேராது, நடுவில் வெறும் இழை மட்டும் நிற்கும். அந்த வெறும் இழையைப் பல்லிலேயே இருக்கும் நொதிகள் மாதக்கணக்கில் அரித்துவிடும். அடைத்த அன்று உறுதியாக இருந்த அடைப்பு இரண்டு வருடம் கழித்துக் கசிவதற்கு இது ஒரு காரணம். இந்தச் சிரமத்துக்காகத்தான் தனியாக அமிலம் போட்டுக் கழுவத் தேவையில்லாத, தானே அமிலத்தன்மை உள்ள பசைகள் வந்தன. ஜப்பானியர்களின் பங்கு இதிலும் பெரியது. டென்டினில் அவை நன்றாக உழைக்கின்றன, அடைத்த பிறகு வரும் கூச்சமும் பொதுவாகக் குறைவு. ஆனால் எனாமலை அவை ஆழமாகக் கீறுவதில்லை. என் கருத்தில், எனாமல் ஓரத்துக்கு மட்டும் முதலில் நீல அமில ஜெல்லைப் போட்டுக் கழுவிவிட்டு, பிறகு குழி முழுக்க இந்தப் பசையைத் தடவுவதே நம் மாதிரி இடங்களுக்கு நம்பகமான வழி. பசையைப் பட்டும் படாமலும் தடவினால் போதாது. இருபது விநாடியாவது தேய்த்துத் தடவி, அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும் வரை மெல்லக் காற்றடித்து, பிறகு ஒளி காட்ட வேண்டும். நாற்காலிக்கு வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது முதலில் குறைபடுவது இந்த விநாடிகள்தான்.

கம்போசிட் இறுகும்போது கன அளவில் ஏறக்குறைய இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும். சுருங்கும்போது எங்கே பிடிப்பு குறைவோ அந்த ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். சூடான சாம்பாருக்கும் ஐஸ் தண்ணீருக்கும் பல் விரிவதைவிட அது இரண்டு மூன்று மடங்கு அதிகமாக விரிந்து சுருங்கவும் செய்யும். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் ஓரம் இழுபடுகிறது. பரப்பில் உண்டான பிடிப்பு இந்த இழுவை எல்லாவற்றையும் தாங்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒளி காட்டுவது இந்தச் சுருக்கத்தைச் சமாளிக்கத்தான். நேரம் கடத்துகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கசிவை அளக்க முடியுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். முடியும். கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பாகூர்ப் பக்கம் பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இவை போன்ற கல்லூரிகளில் நாடு முழுக்க முதுநிலை மாணவர்கள் செய்யும் ஆய்வு வகை இது. பல்வரிசை சீராக்குவதற்காக எடுத்த நல்ல முன்கடைவாய்ப் பற்களைச் சேகரிப்பார்கள். ஒரே அளவில் குழி தோண்டி, ஒரு பாதிக்கு ஒரு முறையிலும் மறு பாதிக்கு வேறு முறையிலும் பரப்பைத் தயார் செய்து, ஒரே பொருளால் அடைப்பார்கள். 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் மாறி மாறி நூற்றுக்கணக்கான தடவை முக்கி எடுப்பார்கள். அடைப்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் விட்டு மற்ற இடமெல்லாம் நகப்பூச்சுப் பூசிச் சாயத்தில் ஊறவைப்பார்கள். பிறகு பல்லை நெடுக்காக வெட்டி, சாயம் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பொருள் ஒன்றே, பரப்பு மட்டும் வேறு. சாயம் போன தூரம் மாறுகிறது. ஆனால் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். சாயம் பாக்டீரியாவைவிடச் சிறியது, பிடுங்கிய பல்லில் நரம்பின் அழுத்தமும் இல்லை, எச்சிலும் இல்லை. சாயம் கொஞ்சம் போனதென்றால் வாயிலும் அடைப்பு தோற்கும் என்று நேராகச் சொல்லிவிட முடியாது. ஆய்வுக்கூட மதிப்பெண்ணை வைத்துப் பொருளை விற்கிற விளம்பரத்தை அப்படியே நம்பாதீர்கள்.

நம் ஊர் வாய்களுக்கு வருகிறேன். பாடப்புத்தகத்துப் பல் வேறு, நம் பல் வேறு. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பூமி இது. நெல் இருக்கும் இடத்தில் உமிக்கரியும் இருக்கும். உமிக்கரியாலும் செங்கல் தூளாலும் விரலைக் கொண்டு நாற்பது ஐம்பது வருடம் அழுத்தித் தேய்த்தவர்களின் பல் ஈறோரத்தில் ஆப்பு வைத்ததுபோல் தேய்ந்து பள்ளமாக இருக்கும். கடினமான பிரஷ்ஷால் குறுக்காகத் தேய்ப்பவர்களுக்கும் இப்படித்தான். இந்தப் பள்ளத்தை அடைக்கும்போது மேல் ஓரம் எனாமல், கீழ் ஓரம் வேர். வேரில் எனாமல் கிடையாது. கம்போசிட் சுருங்கும்போது எனாமல் பக்கம் இறுகப் பிடித்துக்கொள்ளும், வேர்ப் பக்கம் விட்டுக்கொடுக்கும். கசிவு அங்கேதான் தொடங்கும். போதாததற்கு, வருடக்கணக்காகத் தேய்ந்த டென்டின் கண்ணாடிபோல் பளபளப்பாக இறுகி, குழாய்களின் வாய் தாதுவால் அடைபட்டிருக்கும். அமிலம் அதில் சரியாக வேலை செய்யாது. மேல் பரப்பை லேசாகச் சுரண்டிவிட்டுத்தான் பசை தடவ வேண்டும். சுரண்டாமல் ஒட்டிய அடைப்பு சோறு மெல்லும்போதே வந்துவிடும்.

பக்கத்தில் ஈறு வீங்கி இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் அன்று அடைக்கவே கூடாது. பல்லில் படிந்த காறையை எடுத்து, ஒரு வாரம் உப்புத் தண்ணீரில் கொப்புளித்து, ஈறு இறுகிய பிறகு வரச்சொல்ல வேண்டும். வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்களுக்குப் பல்லின் மேல் படிந்திருக்கும் கறையையும் காறையையும் முதலில் துடைத்தெடுக்க வேண்டும். அமிலம் கறையைக் கரைக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்து வளர்ந்து இங்கே வாழ வந்தவர்களின் பல்லில் ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரால் பழுப்புத் திட்டு இருக்கும். அந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் வளைந்து கொடுக்காது. அதிக நேரம் வைக்க வேண்டியிருக்கும். எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று பல் மருத்துவர் கேட்டால் அது ஊர்க்கதை பேசுவதற்காக அல்ல.

பல்வலி வந்தால் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைக்கிறோம். வலி அடங்கும், உண்மைதான். அதிலிருக்கும் யூஜினால் கம்போசிட் இறுகுவதைத் தடுக்கும் தன்மை கொண்டது. தற்காலிக அடைப்புகள் சிலவற்றிலும் அதே யூஜினால் உண்டு. ஆகவே அடைக்க வரும்போது தைலம் வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். குழியை முழுதாகச் சுத்தம் செய்துவிட்டு மேலே போகலாம், அல்லது பின்னால் சொல்லப்போகும் கிளாஸ் அயனோமர் என்ற பொருளால் அடைக்கலாம்.

எல்லாவற்றையும்விட அதிகமாக அடைப்பைக் கெடுப்பது எச்சில். அமிலம் போட்டுக் கழுவி உலர்த்திய எனாமலில் ஒரு கணம் எச்சில் பட்டால்கூட அதன் புரதம் மெல்லிய படலமாகப் படிந்து நுண்குழிகளை மூடிவிடும். மறுபடி அமிலத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்த நேரத்தில்தான் நம் ஆட்கள் "கொப்புளிச்சுக்கவாம்மா?" என்று எழுந்து உட்காருவார்கள். கூச்சத்தாலோ களைப்பாலோ வாயை மூடிவிடுவார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 1864இலேயே நியூயார்க்கில் சான்ஃபோர்ட் பார்னம் என்ற பல் மருத்துவர் பல்லைத் தனியாக நிறுத்தும் ரப்பர் திரையைக் கண்டுபிடித்துவிட்டார். பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர்த் தாள், அவ்வளவுதான். விலையும் பெரிதல்ல. இன்றும் கிராமத்துச் சிகிச்சையில் அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. எங்கள் தொழிலில் திருத்திக்கொள்ள வேண்டிய விஷயம் இது என்று உரிமையோடு சொல்கிறேன். திரை இல்லாவிட்டால் பஞ்சு உருளையை அடிக்கடி மாற்றவாவது வேண்டும், எச்சில் உறிஞ்சி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

பெரியவர்கள் சிலர் கேட்பார்கள்: முன்னெல்லாம் வெள்ளி அடைப்பு வைத்தார்களே, முப்பது வருடம் நின்றதே, அதற்கு இவ்வளவு பக்குவம் பார்த்தார்களா? பார்க்கவில்லை. பாதரசமும் வெள்ளியும் கலந்த அமால்கம் பல்லோடு ஒட்டுவதே இல்லை. வாய் குறுகி அடி அகன்ற குழியில் அது பிடிபட்டு நிற்கும், அதற்காக நல்ல பல்லையும் வெட்ட வேண்டும். அதன் ஓரத்திலும் முதலில் கசிவு இருக்கும். ஆனால் நாளடைவில் அதன் துருப்பொருள்கள் அந்த இடைவெளியில் தேங்கித் தானே அடைத்துக்கொள்ளும். சற்று ஈரமான இடத்தில் வைத்தாலும் பொறுத்துக்கொள்ளும். கூட்டம் நிறைந்த மருத்துவமனைக்கு ஏற்ற பொருளாக அது இருந்தது. ஆனால் பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டது. இந்தியாவும் அதில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து அமால்கத்தைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. நாமும் அந்தத் திசையில்தான் போகிறோம், போகவும் வேண்டும். ஆனால் பொறுத்துக்கொள்ளும் பொருளை எடுத்துவிட்டுப் பொறுக்காத பொருளைக் கையில் கொடுத்தால், அதற்கு வேண்டிய கருவியையும் நேரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பொருளை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே வைத்தால் விழும் அடைப்புகள் கூடும். நஷ்டப்படுவது கிராமத்து ஏழைதான், ஏனென்றால் அவருக்கு மறுபடி வந்துபோக ஒரு நாள் கூலி போகும்.

நடுவே ஒரு நல்ல வழி உண்டு. லண்டனில் அரசு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் சேர்ந்து 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய கிளாஸ் அயனோமர். இது பல்லிலுள்ள கால்சியத்தோடு வேதிப்பிணைப்பாகவே ஒட்டும், ஃப்ளோரைடையும் மெல்ல வெளியிடும். இதற்கும் பரப்புத் தயாரிப்பு உண்டு, ஆனால் மென்மையானது. பத்து சதவீதப் பாலிஅக்ரிலிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுப் பத்து முதல் இருபது விநாடி தடவிக் கழுவினால் படிவு போகும், குழாயின் வாய் அடைபட்டபடியே இருக்கும். 1980களின் நடுவில் தான்சானியாவில் யோ ஃபிரென்கனும் தோழர்களும் மின்சாரமும் சுழலும் கருவியும் இல்லாத கிராமங்களில் கைக்கருவியால் மட்டும் சொத்தையைச் சுரண்டி அடைத்துக் காட்டினார்கள். பின்னர் அந்த முறையில் இந்தப் பொருளை வைத்து, வாசலின் தடவிய விரலால் அழுத்தி அடைத்தார்கள். 1994ஆம் ஆண்டு உலகச் சுகாதார நாளின் பொருளே வாய்நலம்தான். அந்த ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் இந்த முறையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னது. பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டுச் செய்யக்கூடிய சிகிச்சை. இங்கும் பஞ்சால் உலர்த்துவதையும் அமிலம் தடவுவதையும் அவசரத்தில் விட்டுவிட்டால் பொருள் உதிர்ந்துவிடும். அடைத்த முதல் ஒரு மணி நேரம் எதையும் சாப்பிடக் கூடாது.

குழியின் ஓரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு அருமையான ஆய்வைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் மெர்ட்ஸ்-ஃபேர்ஹர்ஸ்ட் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் சொத்தையை உள்ளே வேண்டுமென்றே விட்டுவிட்டு, சுற்றியுள்ள எனாமல் ஓரத்தை மட்டும் நன்றாக அமிலத்தால் தயார் செய்து மேலே கம்போசிட்டால் மூடினார்கள். பத்து வருடம் தொடர்ந்து கவனித்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். மூடிய இடத்தில் சொத்தை வளரவில்லை. உணவு கிடைக்காத பாக்டீரியா அடங்கிவிட்டது. ஆகவே இன்று ஆழமான சொத்தையில் நரம்புக்கு மேலே இருக்கும் மென்மையான பகுதியைக் கொஞ்சம் விட்டுவைக்கலாம் என்று அறிஞர்கள் கூடி எடுத்த முடிவு 2016இல் வெளியாகியிருக்கிறது. ஆனால் ஓரம் முழுவதும் கடினமான, சுத்தமான பல்லாக இருக்க வேண்டும். ஓரத்தில் சொத்தையை விட்டுவிட்டு நடுவே நரம்பு வரை தோண்டுகிற பழைய வேலை முறைக்கு நேர் எதிரான பாடம் இது. இதை ஒழுங்காகச் செய்தால் வேர்ச் சிகிச்சைக்குப் போகவிருந்த பல பல் சாதாரண அடைப்போடு பிழைக்கும்.

ஆசிரியர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எதுவும் விழாமலே முளைப்பதால் அதுவும் பால்பல்தான், விழுந்து முளைக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது விழாது, ஆயுளுக்கும் அதுதான். அதன் மேல் பள்ளங்களில் சொத்தை விழுமுன்பே பிசினால் மூடிவிடலாம். புவோனோகோர் தன் சகாவோடு சேர்ந்து 1967இல் வெளியிட்ட முறை இது. ஊசி இல்லை, தோண்டுதல் இல்லை. பள்ளத்தைச் சுத்தம் செய்து, அமிலம் போட்டு, கழுவி, உலர்த்தி, பிசின் ஊற்றி, ஒளி காட்டினால் முடிந்தது. ஒரு துளி எச்சில் பட்டால் சீக்கிரமே பெயரும், படாமல் செய்தால் வருடக்கணக்கில் நிற்கும். பள்ளி முகாம்களில் எத்தனை குழந்தைகளுக்குப் போட்டோம் என்று கணக்குக் காட்டுவதைவிட, ஒரு வருடம் கழித்து எத்தனை பேருக்கு நிற்கிறது என்று திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைத்தான் நாம் கேட்க வேண்டும்.

நாம் அரசிடம் கேட்க வேண்டியதும் பெரிய பட்டியல் அல்ல. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் பல் நாற்காலி இருந்தால் அதோடு வேலை செய்யும் எச்சில் உறிஞ்சி, எண்ணெயும் ஈரமும் கலக்காத காற்று, சக்தி குறையாத ஒளிக்கருவி, ரப்பர் திரை, கூட நின்று உதவ ஓர் ஆள் வேண்டும். ஓர் அடைப்புக்கு அரை மணி நேரம் என்று நோயாளிகளின் எண்ணிக்கையைத் திட்டமிட வேண்டும். ஒரே மருத்துவர் தனியாக எச்சிலையும் துடைத்து, அமிலமும் போட்டு, ஒளியும் காட்டி, ஒரு காலையில் நாற்பது பேரைப் பார்த்தால் அந்த அடைப்புகள் நிற்காது. அவர் எவ்வளவு திறமையானவர் என்றாலும் நிற்காது.

நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. அடைக்கும் நாளில் அவசர வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் எழாதீர்கள், வாயை மூடாதீர்கள், துப்ப வேண்டுமென்றால் கையைத் தூக்குங்கள். எந்த சிமிட்டி என்று கேட்பதோடு, பல்லை எப்படி ஈரம் படாமல் வைப்பீர்கள் என்றும் தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் அந்தக் கேள்விக்கு மகிழ்வார். ஓர் அடைப்பு விழுந்துவிட்டது என்பதற்காகப் பல்லைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். விழுந்த இடத்தைத் திறந்து சுத்தம் செய்து, பரப்பைத் தயார் செய்து, மறுபடி அடைக்க முடியும். அடைத்த பல்லை வலி வரும் வரை விடாமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுங்கள். ஓரத்தில் கருப்புக் கோடு தெரிந்தாலோ, பல்லிடுக்கில் விடும் நூல் அங்கே சிக்கினாலோ, குளிர்ச்சி புதிதாகக் கூசினாலோ அந்த வாரமே வாருங்கள். அப்போது வந்தால் பல்லைக் காப்பாற்றிவிடலாம்.